கம்பியைத் தொடாமல் அளக்கும் கருவி

கம்பியை அறுக்காமலும், அதன் மேலுறையை உரிக்காமலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை ஒரு கணமேனும் நிறுத்தாமலும், உள்ளே எத்தனை ஆம்பியர் பாய்கிறதென்று சொல்லவல்ல கிளாம்ப் மீட்டரை நம் மின்பணியாளர்கள் டாங் டெஸ்டர் என்றே வழங்குகிறார்கள். மின்னோட்டமுள்ள கம்பியைச் சூழக் காந்த சக்தி பிறக்கிறதென 1820-இல் ஏர்ஸ்டெட் கண்டதும், மாறும் காந்தம் அருகிலுள்ள சுருளில் மின்சாரத்தை எழுப்புமென 1831-இல் பாரடே நிரூபித்ததுமே இதன் மூலதத்துவம். கம்பியைக் கவ்வும் தாடை இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் அளவு சரிவரும். நேர்மின்னோட்டத்தை அளக்கவோ, ஹால் விளைவைக் கொண்ட வேறு வகை வேண்டும்.

பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒருங்கே அடங்கிய இஸ்திரிப் பெட்டியின் ஒயரை அப்படியே கவ்விவிட்டு, பூஜ்யம் காட்டுகிறதே என்று கருவியைப் பழிப்பவர் உண்டு. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும்போது அது வேறென்ன காட்டும்? ஆயினும் இதிலும் ஒரு பிரயோஜனம் உண்டு: மில்லி ஆம்பியரையும் உணரும் நுட்பமான கிளாம்பில் அவ்விரண்டையும் சேர்த்துக் கவ்வியும் முள் அசையுமாயின், எங்கோ மின்சாரம் கசிகிறதென்று நிச்சயிக்கலாம்.

எர்த் தடையை அளக்கும் கிளாம்ப் இன்னும் விசித்திரமானது. எர்த்தைக் கழற்றி, தூரத்தில் இரு இரும்பு முளைகளை அடித்து, நடுமுளையைச் சுமார் 62 சதவீதத் தூரத்தில் நிறுத்தி அளக்கும் பழைய முறையின் சிரமமெல்லாம் இதில் இல்லை. தலைக்குள் உள்ள ஒரு சுருள் எர்த் கம்பியில் தெரிந்த வோல்டேஜை ஏற்ற, மற்றொன்று அதனால் பாயும் மின்னோட்டத்தை அளக்க, இரண்டையும் வகுத்துத் தடை கிடைக்கிறது. அந்த மின்னோட்டம் மண்ணில் இறங்கி, அதனோடு இணைந்த பிற எர்த்துகள் வழியே திரும்பவேண்டும். ஆகவே பத்து ஓம் உள்ள எர்த்தோடு, அதேபோன்ற இருபது எர்த்துகள் பக்க இணைப்பில் இருந்தால், அவற்றின் கூட்டுத் தடை அரை ஓம். மீட்டர் காட்டுவது 10.5.

திரும்பும் வழி மண்ணாக இராமல் வெறும் இரும்புச் சட்டமாக இருந்தாலோ, உப்பும் கரியும் வறண்டுபோன எர்த் குழியும் அற்புதமாகக் குறைந்த தடையையே காட்டி நம்மை ஏமாற்றும். ஒரு ஓமுக்கும் குறைவான அளவைக் கண்டால், மகிழுமுன் கம்பிகள் எங்கெங்கு இணைகின்றன என்று தேடிப் பாருங்கள். எர்த் தனித்த ஒன்றாயின், முளை அடித்து அளப்பதே முறை.