ஊருக்கு உழைத்திடும் சங்கம்

1905-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்குரைஞர் நண்பர் மூவருடன் கூடி ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியமையால் அது 'ரோட்டரி' எனப் பெயர்பெற்றது. தோழமையும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் துணைநிற்றலுமே அதன் தொடக்ககால நோக்கங்கள்.

1906-இல் அச்சங்கத்தில் சேர அழைக்கப்பெற்ற டொனால்டு கார்ட்டர், ஊருக்கு நன்மை செய்யாத சங்கத்தில் சேர மறுத்தார். அச்சொல்லை ஏற்ற உறுப்பினர்கள், நகர நலனையும் தம் நோக்கங்களுள் சேர்த்தனர், அவரும் உறுப்பினரானார். பொதுக் கழிப்பறை அமைக்க 1907-இல் மேற்கொண்ட முயற்சியே ஊருக்கென அவர்கள் ஆற்றிய முதல் தொண்டு.

அவ்வியக்கமே 1985-இல் உலகளாவிய இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியை ஏற்றது. 2014-இல் இந்தியா அந்நோயற்ற நாடெனச் சான்று பெற்றதில் அதற்கும் பங்குண்டு. ஒருவர் துணிந்து உரைத்த சொல்லும், அதனைப் பலர் பணிந்து கேட்டமையுமே இத்துணை நன்மைக்கும் வித்தாயின.