சிறு துளையும் நாட்சம்பளமும்: சிறுநீரகச் சத்திரசிகிச்சையின் வளர்ச்சியும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த என்னும் தோட்டத்தின் பெயரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதிக்குப் பின்னரேயாகும். அன்று காலை மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அவ்விடம் மண்சரிவு அபாயம் உள்ள இடம் என்ற எச்சரிக்கை 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆயின், பெயர்ந்து சென்று குடியிருப்பதற்கு வேறிடம் இருக்கவில்லை. அறிவு ஓரிடத்திலும், அவ்வறிவின்படி நடப்பதற்கான வழி வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் இந்நிலை மண்சரிவுக்கு மட்டும் உரியதன்று. மலையக மக்களின் உடல்நலம் தொடர்பான பல விடயங்களிலும் இதே பிளவு காணப்படுகின்றது. அவற்றுள் ஒன்றான சிறுநீரகச் சத்திரசிகிச்சையை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடந்த அரை நூற்றாண்டிற் சிறுநீரகச் சத்திரசிகிச்சை பெரும் மாற்றத்துக்கு உள்ளாகியுள்ளது. விலாவைப் பிளந்து செய்யப்பட்டவற்றுட் பல இன்று விரற்கடை அளவினும் சிறிய துளையின் வழியாகவோ, துளையே இன்றியோ செய்யப்படுகின்றன. இத்தகைய சிகிச்சை நகரத்துச் செல்வர்க்கு உரிய வசதி என்றும், ஏழைகளுக்குப் பழைய முறையே போதும் என்றும் எண்ணுவோர் படித்தவர் மத்தியிலும் உளர். உண்மை இதற்கு மாறானது. உடலுழைப்பையே மூலதனமாகக் கொண்டவருக்கே சிறு துளையின் பயன் மிகப் பெரிது.

கல்லும் அடைப்பும்

சிறுநீரகங்கள் குருதியை வடித்துச் சிறுநீரைப் பிரித்தெடுக்கின்றன. அச்சிறுநீர் கிண்ணம் போன்ற அறைகளிற் சேர்ந்து, சிறுநீர்க்கான் என்னும் ஒடுங்கிய குழாயின் வழியே சிறுநீர்ப்பையை அடைகின்றது. நீர் குறைந்து சிறுநீர் செறிவடையும்போது அதிற் கரைந்துள்ள கல்சியம், ஒட்சலேற்று, யூரிக்கமிலம் முதலியன பளிங்குகளாகப் படிந்து கல்லாகின்றன. சிலரிடம் கிருமித்தொற்றினாலும் கல் வளர்கின்றது. நம்முன்னோர் இதனைக் கல்லடைப்பு என்றனர். நோயின் இரு கூறுகளையும் ஒருங்கே சுட்டும் பொருத்தமான பெயர் அது. கல்லினும் கொடியது அடைப்பே. சிறுநீர்க்கானில் நகரும் சிறு கல் தாங்கொணா வலியைத் தரும். சிறுநீரகத்துள் வளரும் பெருங்கல்லோ சிலவேளை வலியின்றியே அவ்வுறுப்பைச் சிதைத்துவிடும். வலி இல்லாமை நோய் இல்லாமையாகாது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

5 மில்லிமீற்றருக்கு உட்பட்ட கற்களுட் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுகின்றன. பொற்பலா எனச் சிங்களத்திலும் சிறுபீளை எனத் தமிழிலும் வழங்கும் மூலிகையை அவித்துக் குடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு குடித்துக் கல் போனதென்று கூறுவோருட் பலரின் கல் இவ்வளவினதாகவே இருந்திருக்கும். பெரிய கல்லை அகற்றுவதற்குச் சத்திரசிகிச்சை நிபுணரின் கை வேண்டும்.

வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்டு, பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பகுதியிலும் பரவலாகக் காணப்படும், காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய் இதனின் வேறானது. அது சிறுநீரக இழையமே படிப்படியாகச் செயலிழக்கும் நோய்; சத்திரசிகிச்சையால் தீர்வதன்று. கல்லடைப்போ உரிய காலத்திற் கண்டால் பெரும்பாலும் தீர்க்கக்கூடியது. தீர்க்கக்கூடிய ஒன்றினால் ஒருவர் சிறுநீரகத்தை இழப்பது இயற்கையின் குற்றமன்று, சமூகத்தின் குற்றமாகும்.

விலாவைப் பிளந்த காலம்

திட்டமிட்டுச் சிறுநீரகமொன்றை முதன்முதலில் அகற்றியவர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரைச் சேர்ந்த குஸ்தாவ் சைமன் ஆவார். 1869ஆம் ஆண்டில் அவர் செய்த அச்சிகிச்சை, மனிதன் ஒரு சிறுநீரகத்துடன் வாழமுடியும் என்பதை நிறுவியது. அதன் பின்னர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சிறுநீரகத்தை அடைவதற்கான பெருவழி விலாவே ஆயிற்று. பன்னிரண்டாம் விலாவெலும்பை ஒட்டி 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை வெட்டி, மூன்று தசைப் படைகளைப் பிரித்து, சிலவேளை எலும்பின் ஒரு பகுதியையும் நீக்கியே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. எடுக்கப்படும் கல் ஒரு நெல்லிக்காயளவு. அதற்கான காயமோ ஒரு சாணளவு. நோயாளியை மாதக்கணக்கில் வருத்தியது கல்லன்று, கல்லை அடைவதற்காக வெட்டப்பட்ட தசையே.

சிறு வழி பிறந்த வரலாறு

காயத்தைச் சுருக்குவதற்கு முதலில் வேண்டியது உள்ளே காணும் கண்ணாகும். 1877இல் மக்சிமிலியன் நிட்சே விளக்குடன் கூடிய சிறுநீர்ப்பை நோக்கியை அறிமுகஞ் செய்தார். 1954இல் பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஹரோல்ட் ஹொப்கின்சும், பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் வளையக்கூடிய கண்ணாடி நார்களின் வழியே படிமத்தைக் கடத்திக் காட்டினர். ஒளி வளைந்து செல்லக் கற்றபின், வைத்தியரின் கண்ணும் உடலின் வளைவுகளுக்குள் செல்லலாயிற்று.

அடுத்து வேண்டியது வழி. 1955இல் அமெரிக்கரான வில்லார்ட் குட்வின், அடைபட்டு வீங்கிய சிறுநீரகத்துள் முதுகுப்புறமாக ஊசியைச் செலுத்திச் சிறுநீரை வடிக்கலாம் எனக் காட்டினார். 1976இல் சுவீடனைச் சேர்ந்த ஃபேர்ன்ஸ்ட்ரோம், யொஹான்சன் ஆகிய இருவரும் இக்கல்லெடுப்புக்கெனவே அமைக்கப்பட்ட துளையின் வழியே கற்களை வெளியே எடுத்ததை வெளியிட்டனர். 1980 பெப்ரவரியில் மியூனிக் நகரிற் கிறிஸ்ரியன் சௌசி என்பாரும் அவரது குழுவினரும் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்ச்சியலைகளைச் செலுத்தி உள்ளிருக்கும் கல்லை உடைத்தனர். அதிவேக விமானங்களின்மீது மழைத்துளி மோதுவதால் ஏற்படும் பாதிப்பை ஒரு விமான நிறுவனம் ஆராய்ந்ததன் வழியிலேயே இவ்வுத்தி பிறந்தது. போர்த்தொழிலோடு தொடர்புடைய ஆய்வொன்று நோயாளியின் கல்லை உடைக்கப் பயன்பட்டமை, அறிவியலின் பயனை நிர்ணயிப்பது அதனைக் கையாளும் நோக்கமே என்பதற்குச் சான்றாகும்.

1990 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ரால்ஃப் கிளேமன் குழுவினர் வயிற்றறை நோக்கியின் உதவியுடன் சிறு துளைகள் வழியாக முழுச் சிறுநீரகத்தையே அகற்றினர். அதற்கு ஏறத்தாழ 7 மணித்தியாலங்கள் சென்றன. இன்று சிறுநீரகத் தானஞ் செய்வோரிடமிருந்து அதனைப் பெறுவதும், புற்றுநோய்க் கட்டியை மட்டும் வெட்டி எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பதும் இம்முறையிலேயே நடைபெறுகின்றன.

இவ்வளர்ச்சி மேனாட்டார்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. குஜராத்தின் நடியாட் என்னும் சிறு நகரில் 1978இல் தொடங்கப்பட்ட முல்ஜிபாய் பட்டேல் சிறுநீரக வைத்தியசாலையிற் பணியாற்றிய மகேஷ் தேசாய் அவர்களும் அவரது குழுவினரும், ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் விட்டமுடைய ஊசியின் வழியாகவே கல்லைக் கண்டு உடைக்கும் முறையினை 2011இல் வெளியிட்டனர். பெருநகரமல்லாத ஓரூரிலிருந்து உலகம் கற்கும் முறை தோன்றியமை, ‘தூரத்து ஊர்’ என்பதைக் காரணங்காட்டிச் சிகிச்சையை மறுப்போர்க்குத் தக்க விடையாகும்.

நிபுணர் செய்வது யாது?

கல் 2 சென்ரிமீற்றரிலும் சிறிதாயின் அதிர்ச்சியலையாலோ, சிறுநீர் வெளியேறும் இயற்கை வழியே நுண்ணோக்கியைச் செலுத்தி லேசர்க் கதிராலோ உடைக்கலாம். அதனிலும் பெரிதாயின் முதுகுத் துளை வழியே பொருத்தமானது. நோயாளியை மயக்கி, எக்ஸ்-கதிர்ப் படத்தையோ ஸ்கான் படத்தையோ பார்த்துக்கொண்டு, கல்லிருக்கும் கிண்ணத்தை நோக்கி ஊசி செலுத்தப்படும். ஊசியின் நுனியிற் சிறுநீர்த்துளி தோன்றுவதே சரியான இடத்தை அடைந்தமைக்கு அடையாளம். பின்னர் மெல்லிய கம்பியொன்றை உள்ளே விட்டு, அதன்மேல் வழியைப் படிப்படியாக அகட்டி ஒரு குழாய் பொருத்தப்படும். வழமையான குழாய் 8 முதல் 10 மில்லிமீற்றர் விட்டமுடையது. சிறிய வகை 5 முதல் 7 மில்லிமீற்றர் வரையானது. அதனூடே நோக்கியைச் செலுத்திக் கல்லை உடைத்துத் துண்டுகளை எடுப்பர். தசை வெட்டப்படுவதில்லை, விலக்கப்படுகின்றது. இதுவே இம்முறையின் உயிர்நாடி.

இதிலும் ஆபத்து இல்லாமலில்லை. குருதிப்பெருக்கும் கிருமித்தொற்றும் நேரலாம். துளை சிறிதாகுந்தோறும் அதனைச் செய்யும் கைக்குரிய பயிற்சி பெரிதாகின்றது. வெளியே தெரியும் காயத்தின் அளவைக் கொண்டு சிகிச்சையை எளிதென மதித்தல் தவறாகும்.

மலையேறும் உடலுக்கு இதன் பொருள்

பெரட்டுக் களத்திற் காலையிற் பெயர் பதிந்து, செங்குத்தான மலையில் நின்று கொழுந்தெடுத்து, நிறைந்த கூடையையோ சாக்கையோ தலையிலும் முதுகிலும் சுமந்து நிறுக்குமிடத்துக்கு நடக்கும் ஒரு பெண் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். உடல் முன்சாய, இடுப்பும் விலாவும் சுமையைத் தாங்குகின்றன. குறித்த நிறை கொழுந்து சேராவிடின் அவருக்குக் கிடைப்பது ‘அரைப்பேர்’. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமே இல்லை. அவருடைய விலாத் தசையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினால், ஆறு கிழமையோ அதற்கு மேலோ அவர் சுமை தூக்குதல் ஆகாது. துளை வழிச் சிகிச்சையாயின் பெரும்பாலும் சில நாளில் வீடு திரும்பி, ஓரிரு கிழமையில் இலகுவான வேலைக்கும் அதன்பின் படிப்படியாகச் சுமைக்கும் மீளலாம்.

மேசையில் அமர்ந்து பணியாற்றும் உத்தியோகத்தர் ஒருவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. வெட்டுக் காயத்துடனும் அவர் பேனா பிடிக்கலாம். தொழிலாளிக்கோ ஆறு கிழமை என்பது கடையிற் கடன், அடகுக்குப் போகும் தோடு, பள்ளியை விட்டு விலகும் பிள்ளை என விரிகின்றது. இலங்கையில் அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆயின் நோயாளியாக இருத்தல் இலவசமன்று. இலவச மருத்துவத்தின் கணக்கிற் சேராத இச்செலவைக் குறைப்பதே சிறு துளையின் பொருளாதாரப் பயனாகும்.

கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டில், தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தோட்ட மருத்துவம் நெடுங்காலம் காய்ச்சல், வயிற்றோட்டம், பிரசவம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. மருந்தறையில் வலிக்குக் குளிசை கொடுத்து வேலைக்கு அனுப்பும் மரபு, வலி அடங்கினாலும் வளர்ந்துகொண்டே செல்லும் கல்லுக்கு ஏற்றதன்று.

துளைக்கு முன்னும் பின்னும்

சிறு துளைச் சிகிச்சை தனித்து நிற்பதன்று. அதற்கு முன்னும் பின்னும் சில நிபந்தனைகள் உள.

முதலாவது, காலத்திற் காணுதல். 2023 ஜூன் மாதத்திற் கொழும்பு இராணுவ வைத்தியசாலையில், சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர் கே. சுதர்ஷன் தலைமையிலான குழுவினர் 13.372 சென்ரிமீற்றர் நீளமும் 801 கிராம் நிறையும் உடைய கல்லொன்றை அகற்றினர். அது கின்னஸ் உலக சாதனையாகப் பதிவாயிற்று. முதிர்ந்தோரின் சிறுநீரகம் ஏறத்தாழ 150 கிராம் நிறையினது என்பதை எண்ணின் அக்கல்லின் பருமை விளங்கும். சத்திரசிகிச்சையாளரின் திறன் போற்றற்குரியது. எனினும், கல் இத்துணை வளரும்வரை உடலினுள் மறைந்திருக்கமுடியும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். ஒரு ஸ்கான் பரிசோதனை நேரத்திற் கிடைத்தால் கல்லின் கதை வேறாகும்.

இரண்டாவது, தூரம். மீரியபெத்தவிலிருந்து கொஸ்லந்தை, பெரகலை, அப்புத்தளை, பண்டாரவளை கடந்தே பதுளையை அடையவேண்டும். ஸ்கானுக்கு ஒரு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், திகதி பெற ஒரு நாள் என ஒவ்வொரு பயணமும் ஒரு பேரை விழுங்குகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்திற் பாதைகள் துண்டிக்கப்பட்டதைக் கண்ட நமக்கு, பாதையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பே என்பதைக் கூறவேண்டியதில்லை.

மூன்றாவது, மொழி. இச்சிகிச்சையின் பின்னர் சிறுநீர்க்கானில் மெல்லிய உட்குழாய் ஒன்றைச் சில கிழமைகளுக்கு வைத்துவிடுவதுண்டு. அதனை உரிய காலத்தில், பொதுவாக மூன்று மாதத்துக்குள், எடுத்தல் அல்லது மாற்றுதல் வேண்டும். மறந்துவிட்டால் அக்குழாயின்மேலேயே கல் படிந்து, முன்னையதிலும் கடிய நோயாகும். உள்ளே குழாய் இருக்கின்றது என்பதே விளங்காமல் வீடு திரும்புபவர் எவ்வாறு மீண்டும் வருவார்? 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழித் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ‘உங்கள் உடலுக்குள் குழாய் உள்ளது, இன்ன திகதியில் எடுக்கப்படும்’ என்ற இரு வாக்கியங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பதிலிருந்தே மொழியுரிமை உயிர் காக்கும் உரிமையாகத் தொடங்கட்டும்.

நான்காவது, மீண்டும் கல் வராமற் காத்தல். ஒருமுறை கல் வந்தவருள் ஏறத்தாழ அரைப்பங்கினருக்குப் பத்தாண்டுக்குள் மீண்டும் வருகின்றது. நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்துதலே இதற்கான முதன் மருந்து. ஆயின் மலையிற் கழிவறை இல்லாதபோது, தாகத்தை அடக்கி வேலை செய்யும் பெண்களிடம் “தண்ணீர் நிறையக் குடியுங்கள்” எனக் கூறுதல் எவ்வாறு பயன்தரும்? இங்கே நிபுணரின் லேசரிலும், வேலைத்தலத்திலே கட்டப்படும் ஒரு கழிவறை வலியது.

முடிவுரை

சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் திறனை அவரிடம் வந்து சேர்ந்த நோயாளியைக் கொண்டு அளக்கின்றோம். ஒரு சமூகத்தின் திறனையோ, அவரிடம் வந்து சேரமுடியாத நோயாளியைக் கொண்டே அளத்தல் வேண்டும். மருத்துவ அறிவியல் காயத்தை ஒரு சாணிலிருந்து சில மில்லிமீற்றர் வரை சுருக்கிவிட்டது. லயத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கும் பொறுப்பு அறிவியலினுடையதன்று. அரசினதும், தோட்ட நிர்வாகங்களினதும், தொழிற்சங்கங்களினதும், கற்றோராகிய நம்முடையதுமாகும். எச்சரிக்கையை அறிந்தும் செல்ல வழியின்றி இருந்த மக்களின் கதையை மீரியபெத்த ஒருமுறை நமக்குக் கூறிவிட்டது. அக்கதை தொழிலாளரின் உடல்களுக்குள் ஓசையின்றி மீண்டும் நிகழாதிருத்தல் வேண்டும்.