மிதிவண்டிக் கொடையும் திருச்சபையின் அருள்பணியும்

வறுமை என்பது பணமில்லாமை மட்டுமன்று. பல நாடுகளில் அது தொலைவாகவும் இருக்கிறது. மருத்துவமனை உண்டு, ஆனால் எட்ட முடியாது. பள்ளி உண்டு, ஆனால் நடந்து சேர்வதற்குள் முதற்பாடம் முடிந்துவிடும். ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் பணியாற்றிய அருள்பணியாளர் பலர் இதனைக் கண்டறிந்தனர். ஆகவே, மேலை நாட்டுச் சபைகள் மிதிவண்டிகளைச் சேகரித்து ஏழைகளுக்கு அனுப்புவது இன்று பரவலான ஓர் ஊழியமாயிற்று. இக்கொடையின் பயனையும் இடர்ப்பாடுகளையும் திருமறையின் ஒளியில் ஆராய்வோம்.

1. பழையதைக் கொடுத்தல்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கொட்டில்களில் மிதிவண்டிகள் பயனற்றுக் கிடக்கின்றன. அவற்றைச் சபையார் சேர்த்து, நாற்பதடிச் சரக்குப் பெட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 400 முதல் 500 வரை அடுக்கிக் கப்பலேற்றுகின்றனர். கொடுப்போர் மகிழ்கின்றனர். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நிகழ்கிறது?

அங்குள்ள சிற்றூர்ப் பழுதுபார்ப்பவரிடம் இருப்பவை கனமான பழைய வகை வண்டிக்குரிய உதிரிப் பாகங்களே. மேலை நாட்டு வண்டியின் கியர் மாற்றியும் மெல்லிய டயரும் அவர் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே சிறிய பழுதொன்று நேர்ந்தாலும் வண்டி சுவரோரம் சாய்ந்துவிடும். தண்ணீர்க் குடமும் தானிய மூட்டையும் சுமப்பதற்கு அது அமைக்கப்பட்டதுமன்று.

குருடும் ஊனமுமான விலங்கைப் பலியிட்டோரை நோக்கி, அதனை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்வானோ என்று மல்கியா வினவினார் (மல். 1:8). நமக்கு வேண்டாததைக் களைவதும் பிறருக்கு வேண்டியதைக் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு நாம் காணிக்கை என்று பெயரிடலாகாது.

இதனால் பழைய வண்டிகள் யாவும் வீண் என்று கூறோம். நமீபியாவில் 2005-இல் தொடங்கிய ஓர் அமைப்பு, வண்டிகள் வந்த பெட்டகத்தையே பட்டறையாக்கியது. உள்ளூராருக்குப் பழுதுபார்க்கப் பயிற்சியளித்து, பட்டறையை அவர்கள் கையிலே விட்டது. அங்கே வண்டியோடு தொழிலும் சென்றது. பழுதுபார்க்கும் கை இல்லாத இடத்தில் கொடை நெடுநாள் நிலைப்பதில்லை.

2. தகுந்ததைக் கொடுத்தல்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரையை அழித்தபின், 2005-இல் அமெரிக்காவில் வேர்ல்டு பைசிக்கிள் ரிலீஃப் என்னும் அமைப்பு தோன்றியது. கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான வேர்ல்டு விஷனுடன் இணைந்து, அது இலங்கையில் 24,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டிகளை வழங்கியது. அடுத்து சாம்பியாவில், எய்ட்ஸ் நோயாளரை வீடுதோறும் சென்று பேணிய தன்னார்வத் தொண்டர்களுக்கு ஏறத்தாழ 23,000 வண்டிகள் அளிக்கப்பட்டன. அப்பேணுதல் திட்டத்தில் இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் பங்குபெற்றன.

இவ்வமைப்பு பழைய வண்டிகளை அனுப்பவில்லை. ஆப்பிரிக்கச் சாலைக்கென்றே ‘பஃபலோ’ என்னும் வண்டியை வடிவமைத்தது. பின்புறச் சட்டத்தில் 100 கிலோ சுமையேற்றலாம். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி நிற்கும். வழங்கும் ஊர்களில் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியும் தரப்பட்டது. பெறுவோரின் சாலையையும் சுமையையும் முதலில் எண்ணிப் பார்த்ததே இங்கு நாம் கற்கவேண்டியது.

3. யார் கையில் கொடுத்தல்

வண்டி வீட்டிற்குள் நுழைந்தபின் அது யாருடையது? மகளுக்கென அளித்த வண்டியைத் தந்தையோ தமையனோ ஓட்டிச் செல்லுதல் அரிதன்று. ஆகவே 2009-இல் சாம்பியாவில் தொடங்கிய பள்ளித் திட்டத்தில், வண்டிகளில் 70 விழுக்காடு மாணவியருக்கென ஒதுக்கப்பட்டது. மாணவி ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதாக உடன்படிக்கை செய்வாள். படிப்பை முடிக்கையில் வண்டி அவளுக்கே உரிமையாகும். மேற்பார்வை உள்ளூர்க் குழுவினுடையது.

பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்த மாணவியரிடையே அங்கு ஓர் ஆய்வு நடைபெற்றது. வண்டி பெற்றோரின் பயண நேரம் 35 விழுக்காடு குறைந்தது. தாமதமாக வருதல் 66 விழுக்காடும், பள்ளிக்கு வராமை 27 விழுக்காடும் குறைந்தன. தனிவழியில் நடந்து செல்லும் பெண்பிள்ளைக்கு நேரிடும் இன்னல்களை எண்ணினால், இவ்வெண்களின் பொருள் நமக்கு விளங்கும்.

நமக்கும் இது புதிதன்று. 1991-இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை நாம் அறிவோம். அங்கே முதலில் தரப்பட்டது வண்டியன்று. ஓட்டலாம் என்னும் துணிவே தரப்பட்டது. பெண் வண்டியேறுவதை ஊர் ஏளனம் செய்யுமாயின், இலவச வண்டியும் ஆண்மக்களிடமே போய்ச் சேரும்.

ஆதித் திருச்சபையிலும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடப்பட்டனர் (அப். 6:1). அப்போது திருத்தூதர் உணவை மட்டும் மிகுதியாக்கவில்லை; பங்கிடும் பொறுப்பை எழுவரிடம் ஒப்புவித்தனர். அவ்வெழுவரின் பெயர்கள் யாவும் கிரேக்கப் பெயர்கள் என்பது கருதத்தக்கது. விடப்பட்டோரின் இனத்தாரே பங்கிடுவோராயினர்.

4. எவ்வாறு கொடுத்தல்

அடகு வாங்குவோன் ஏழையின் வீட்டிற்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது (24:10-11). கடனாளிக்கே அத்துணை மதிப்பு உண்டெனில், கொடை பெறுவோருக்கு எத்துணை? வண்டியோடு நிற்கவைத்துப் படமெடுத்து, அதனைக் காட்டி அடுத்த காணிக்கை திரட்டுவது அவ்வாசலைத் தாண்டுவதாகும். வண்டிக்காக ஆராதனைக்கு வரும்படி செய்தலும் அத்தகையதே. அன்புக்கு விலை குறித்தால் அது வாணிபமாகிவிடும்.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல், தாம் நாடியது சமநிலையே என்றார் (2 கொரி. 8:13-15). அப்பணத்தைத் தனியே கொண்டுசெல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் நேர்மை விளங்கவேண்டுமென்பது அவர் கருத்து (8:19-21).

ஆகவே, மிதிவண்டிக் காணிக்கை திரட்ட இசைவு கோரி எவரேனும் வரும்போது, ஆயர்கள் நான்கு வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம். இவ்வகை வண்டி வேண்டுமென்று பெறுவோர் கூறினரா? உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பழுதுபார்ப்பவர் யார்? எவருடைய பெயரில் வண்டி வழங்கப்படும், அதனை முடிவு செய்வோர் யார்? ஓராண்டு கழித்து எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று நமக்கு அறிவிப்போர் யார்? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின் மனமுவந்து கொடுப்போம். கிடைக்காவிடின் காணிக்கையை நிறுத்திவைத்து, விடை தேடுவதையே நம் முதற்பணியாகக் கொள்வோம்.