மலைத் தோட்டத்துக்கு மடக்குக் கத்தி

சேலம் மாவட்டம், ஏற்காடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நிழலில் காபி. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் மடக்குக் கத்திக்குத் தினமும் வேலை உண்டு. கடையில் வாங்கியதைச் செலவில்லாமல் நம் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிடியில் சிவப்புக் கயிறு கட்டினால், சருகில் விழுந்தாலும் கண்ணில் படும். பிடியின் இரு பக்கமும் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினால் ஈரக்கையில் வழுக்காது. ஒட்டுக் கட்டுபவர்கள் அலகின் ஒரு பக்கத்தை மட்டும் தீட்டினால், வெட்டு சமமாக விழும். மடங்கும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் துரு ஏறாது.

பூட்டு இல்லாத கத்தியால் குத்தவோ நெம்பவோ கூடாது. அலகு மடங்கி விரலை வெட்டிவிடும். நோயுற்ற கொடியை வெட்டியதும், ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த கொடியைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் கத்தியே நோயைப் பரப்பிவிடும்.