ஏட்டு நகருக்குப் படம் வரைவோர்

ஒரு நூலில் வரும் ஊரைக் கற்று முடித்ததும் சிலர்க்கு ஐயங்கள் பிறக்கும். கடைத்தெரு எங்கே? கோயில் அதற்குக் கிழக்கோ, மேற்கோ? தலைவி விடியுமுன் எந்த வாயிலாற் புறப்பட்டாள்? வாசகரிற் பெரும்பாலார் இவற்றைக் கேட்பதில்லை. கேளாமலே கதையின் சுவை அவர்க்கு நிரம்பக் கிடைத்துவிடுகின்றது. கேட்பவரோ தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்துவிடுகின்றனர். இவரை வேலையற்றவர் என்று எள்ளுவோர் உண்டு. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாக உடைய நான் அவர் பக்கத்தவன்.

இக்கூட்டத்தாரில் மிகப் புதியவர் சிலரைப் பற்றி அண்மையிலேதான் அறிந்தேன். என்னிடம் பயின்று பின் கனடாவிற் குடியேறிய மாணாக்கர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நின்ற வேளையில் தம் கைப்பேசியில் ஒரு நகரின் படத்தைக் காட்டினார். ஆறும் மதிலும் துறைமுகமும் தெருப்பெயர்களும் நுணுக்கமாகக் குறிக்கப்பட்ட படம். எந்நாட்டு நகர் என்று கேட்டேன். "எந்த நாட்டிலும் இல்லை, ஐயா. ஒரு கணினி விளையாட்டில் வருகிற ஊர். விளையாடினவையளே கூடி வரைஞ்சது" என்றார்.

அவ்விளையாட்டின் பெயர் 'தீஃப்'. கள்வன் என்பது பொருள். லுக்கிங் கிளாஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1998இல் அதனை ஆக்கிற்று. 2000இல் இரண்டாம் பாகமும், வேறு நிறுவனங்களின் கைப்பட்டு 2004இல் மூன்றாம் பாகமும், 2014இல் நான்காவதும் வந்தன. வாளேந்திப் பகை முடிப்பது அதன் நோக்கமன்று. இருளில் ஒதுங்கி, அடியோசை எழாமல் நடந்து, காவலர் கண்ணிற் படாது பொருள் கவர்ந்து மீள்வதே ஆட்டம். தலைவன் பெயர் கரெற். அவன் வாழும் ஊருக்குத் தனிப்பெயரே இல்லை. 'நகர்' என்றே எங்கும் வழங்குகின்றது. இதிற் புதுமை ஒன்றும் இல்லை. நம் புகாரும் ஒரு காலத்திற் 'பட்டினம்' என்ற அளவிலேயே விளங்கியது; பட்டினப்பாலை என்னும் பெயரை நோக்குக.

ஒவ்வோர் ஆட்டமும் அந்நகரின் ஒரு மூலையை மாத்திரமே காட்டுமாம். கள்வன் கையிற் கொடுக்கப்படுவதும் கையாற் கீறிய அரைகுறைப் படம். அதிற் பல இடங்கள் வெறுமையாகவே கிடக்கும். ஏனைய பகுதிகளின் பெயர்கள், காவலர் இருவர் பேசிக்கொள்ளும் பேச்சிலும், மேசைமேற் கிடக்கும் கடிதத்திலும் தற்செயலாகத் தலைகாட்டும். ஆடியவர்கள் அவற்றையெல்லாம் பொறுக்கித் திரட்டி, பாகத்தோடு பாகம் ஒட்டவைத்துப் பார்க்கின்றனர். அங்கேதான் இடர் எழுகின்றது. முதற் பாகத்தில் மதிலெழுப்பி அடைக்கப்பட்டுப் பேயுறையும் பாழிடமாகக் காட்டப்பெற்ற பழம்பகுதி, மூன்றாம் பாகத்தில் அதே பெயரோடு மக்கள் நடமாடும் தெருக்களாக வருகின்றது. அடைத்தது ஒரு கூறு, திறந்திருப்பது வேறொரு கூறு எனப் பிரித்துக் கொள்ளலாம். இடைக்காலத்தில் திறந்தனர் எனவும் கொள்ளலாம். ஆக்கியோர் மாறியதால் வந்த முரண் என்று தள்ளவும் கூடும். நம் உரையாசிரியர்கள் பாடவேறுபாடுகளை வைத்துக்கொண்டு செய்தது இதனினும் வேறானதோ?

கள்வன் என்றதும் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் நினைவு வருதல் இயல்பு. கோவலனைக் கண்டு, இவன் கள்வனல்லன் என்று தயங்கிய காவலர்க்கு, கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அவன் ஒரு சாத்திரமே உரைக்கின்றான். மந்திரமும் மருந்தும் நிற்க, இடமும் காலமும் அவ்வெட்டினுள் அடங்கும். கரெற் என்பான் நம்பியிருப்பவை கடைசியிற் சொன்ன இரண்டையுமே.

இனி நம் நகருக்கு வருவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892இற் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றிய நாள்தொட்டு, ஒரே நகரை இரு நூல்களிலிருந்தும் கட்டியெழுப்பிப் பார்க்கும் வாய்ப்புத் தமிழர்க்கு வாய்த்தது. புகாரின் பேருறுப்புகள் எல்லோரும் அறிந்தவை. கடலை அடுத்து மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடையில் நாளங்காடி. இந்த அளவில் எந்த மாணாக்கனும் கோடு கீறிவிடுவான். அதற்கப்பால் இரு நூல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மணிமேகலையில், மலர் கொய்யப் போகத்தக்க சோலை யாதென்ற பேச்சு எழுகின்றது. இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம் எனப் பெயர்கள் அடுக்கப்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை சொல்லி, முடிவில் உவவனம் தேரப்படுகின்றது. இலவந்திகை எத்திசையில் உள்ளது என்பது அங்கே இல்லை. சிலப்பதிகாரத்துக்குத் திரும்புவோம். விடியுமுன் வீட்டை விட்டகலும் கோவலனும் கண்ணகியும் நகரின் பெருவாயிலைக் கடந்து, இலவந்திகையின் மதிற்புறத்தே நடந்து, காவிரித்துறை வாயிலைத் தாண்டி, வடகரை வழியே மேற்கு நோக்கிச் செல்கின்றனர். ஆகவே இலவந்திகை ஊருக்கு மேற்கே, வாயிலுக்குப் புறத்தே, ஆற்றுக்கு அணித்தாய் இருந்தது. ஒரு நூல் பெயரளவில் விட்டதற்கு மற்றது இடம் தந்துவிட்டது.

இன்னொன்று இதனினும் சுவையானது. உவவனத்தில் மணிமேகலையும் சுதமதியும் நிற்க, இளவரசன் உதயகுமரன் பெருந்தெருவிற் காத்திருக்கின்றான். அப்போது தெய்வம் தோன்றி, தெருவழியை விடுத்து இவ்வனத்து மதிலின் மேற்புறத்துள்ள சிறுபுழை வழியே போனாற் சக்கரவாளக் கோட்டத்தை அடையலாம் என்கின்றது. காவலன் கண்ணிற் படாமல் நழுவுதற்கு ஒரு சிறுவாயில்! என் மாணாக்கரிடம் இதனைச் சொன்னபோது, "அந்த விளையாட்டும் முழுக்க இதுதான், ஐயா" என்று வியந்தார். உவவனத்துக்கு மேற்கே சக்கரவாளக் கோட்டம் என்று படத்திற் குறித்துக்கொள்ளலாம். ஆயின் உவவனம் எங்கே? அதற்குச் சாத்தனார் திசை கூறவில்லை. அவ்விடத்தை வெறுமையாக விடும் துணிவு இல்லாதவர் படம் வரையப் புகாதிருத்தல் நன்று.

ஏட்டிலிருந்து மண்ணுக்கு இறங்கினாற் சிக்கல் பெருகும். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகள் காவிரி கடலொடு கலக்குமிடத்து நெய்தற் கானலில் இருந்தனவாகச் சிலப்பதிகாரம் பேசுகின்றது. இன்று திருவெண்காட்டுக் கோயிலில் அப்பெயர்த் தீர்த்தங்கள் உள்ளன. அவையே இவை என்பார் பலர். திருவெண்காடோ கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றது. கடல் முன்னே வந்ததா, பொய்கையின் பெயர் பின்னே போனதா? 1960களில் இந்தியத் தொல்லியலார் அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லாற் கட்டிய துறைமேடையும் பல்லவனேசுவரத்தில் புத்த விகாரையும் வெளிப்பட்டன. 1980களிலிருந்து கடலுக்கு அடியிலும் தேடினர். பழைய துறையொன்று அங்கிருந்தமை உறுதி. இது நாளங்காடி என்று பெயர் பொறித்த கல் கிடைத்திலது. 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையே பழம்புகார் என்றெண்ணித் தொட்டுக் கும்பிடுவாரைக் கண்டிருக்கின்றேன். அதனைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறமொழி வாசகரும் இதற்கு விலக்கல்லர். ஆர். கே. நாராயண் 1935 முதல் நூலுக்கு நூல் வளர்த்த மால்குடி என்னும் ஊருக்கு, ஜேம்ஸ் ஃபென்னெலி என்னும் அமெரிக்க அறிஞர், சரயு ஆற்றையும் லாலி வீதியையும் மெம்பி மலையையும் வைத்துப் படம் வரைந்தார். அது யார்க்கும் தீங்கு செய்ததில்லை. குமரிக் கண்டப் படங்களை அவ்வாறு கூற இயலாது. கடல்கொண்ட நாற்பத்தொன்பது நாடுகள் என்று அடியார்க்கு நல்லார் தந்த சிறு குறிப்பை வைத்து, மலையும் ஆறும் எல்லையும் இட்டுப் பெருங்கண்டம் ஒன்று வரைந்துவிட்டனர். வெறுமையாக விடவேண்டிய இடமெல்லாம் வண்ணம் பூசப்பட்டது. அப்படங்கள் வகுப்பறைச் சுவரிலும் ஏறின.

நிற்க. புகாரின் படத்தில் நம் நாட்டோடு தொடுக்கும் கோடு ஒன்று உண்டு. உவவனத்திலிருந்து மணிமேகலையைத் தெய்வம் எடுத்துச் சென்று தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் விடுகின்றது. அங்கே புத்த பீடிகை, அதனைக் காக்கும் தீவதிலகை, அமுதசுரபி வெளிப்படும் கோமுகிப் பொய்கை. அத்தீவிலே தங்கிப் புறப்பட்ட கம்பளச் செட்டியின் கலம் கவிழ்ந்து சோழன் மகன் காணாமற் போகின்றான், மகனைத் தேடும் துயரிற் சோழன் இந்திரவிழாவை மறக்கின்றான், நகர் கடல்கோட்படுகின்றது. புகார் அழிந்தமைக்கு முதற்காரணம் மணிபல்லவத்துத் துறையிலே தொடங்குகின்றது.

அம்மணிபல்லவமே நயினாதீவு என்பது எம் தீவகத்தார் கொள்கை. குறிகட்டுவான் துறையில் நிற்பவனுக்கு அது கண்ணெதிரே தெரியும்; படகேறினாற் கால்மணி நேரத்தளவிற் கரைசேரலாம். (பெயராராய்ச்சி யாதாயினும் ஆகுக, குறி கட்டுவான் என்று பிரித்து நோக்கின் படம் வரைவார்க்கு ஏற்ற பெயர்!) கொள்கையை அளந்து பார்ப்போம். புகாரிலிருந்து நயினாதீவு ஏறத்தாழ 170 கிலோமீற்றர், அதாவது நூறு மைலுக்குச் சற்று மேல். திசை அநேகமாக நேர்தெற்கு. திசை நன்கு பொருந்துகின்றது. தொலைவில்தான் வழக்கு. யோசனைக்கு ஏழெட்டு மைல் கொள்வோரும் உளர், நாலைந்து மைல் கொள்வோரும் உளர். முன்னையோர் கணக்குப்படி முப்பது யோசனை நம்மைப் புத்தளம், சிலாபம் ஆகியவற்றுக்கு நேராகக் கொண்டுபோய் விடும். பின்னையோர் கணக்கிலும் தீவைக் கொஞ்சம் தாண்டிவிடுகின்றோம். புலவர் சொன்ன முப்பது அளவுகோல் பிடித்துச் சொன்னதன்று என்று அமைதி கூறலாம்.

இனி, மகாவமிசத்திலும் இப்பீடிகைக் கதை உண்டு. மணியாசனம் ஒன்றுக்காக மாமனும் மருகனுமாகிய மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் பொர, புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளி அமைதி செய்தார் என்பது அதன் கூற்று. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டில் நாகதீபம் என்னும் பெயர் வருகின்றது. வசப மன்னன் காலத்தில் அமைச்சன் ஒருவனது ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடாக அது பேசப்படுவதால், அப்பெயர் யாழ்ப்பாணக் குடாநாட்டையே குறித்தது என்பது தெளிவு. சிறு தீவொன்றுக்குள் அதனை அடக்கல் ஆகாது. முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலில் மணிபல்லவத்தை விரிவாக ஆராய்ந்தார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

கணினி நகருக்குப் படம் வரைவோர்க்கு இல்லாத பொறுப்பு நமக்கு இங்கே வந்துசேர்கின்றது. அவர்கள் தெருவை இடம்மாற்றி வரைந்தால் ஒருவர் வீடும் போவதில்லை. நயினாதீவிலோ, கதைப்படம் காணி உறுதியாக மாறிவிடுகின்றது. அத்தீவில் இரண்டு இறங்குதுறைகள்: ஒன்று நாகபூசணி அம்மன் கோயிலுக்கு, மற்றது நாகதீப விகாரைக்கு. தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகரும் நம்மவரும் குறிகட்டுவானில் ஒரே படகில் ஏறித் தத்தம் துறையில் இறங்குகின்றனர். அவர் கையில் மகாவமிசம்; நம் கையில் மணிமேகலை. தீவு எம்முடையது என்பதற்கு இரு சாராரும் தத்தம் நூலைச் சான்று காட்டுகின்றனர்.

நம்மவர் சான்று காட்டும் நூலை ஒருமுறை நிதானமாக விரித்தல் நன்று. மணிமேகலை தமிழ்நூல், அதே அளவுக்குப் பௌத்த நூலுமாம். தமிழர் பௌத்தராயிருந்த காலத்தின் குரல் அது. ஆகவே அதனை உறுதியாக நீட்டுவோர், தீவு தமிழர் வழங்கிய தீவு என்பதோடு, அங்கிருந்தது புத்தபீடிகை என்பதையும் ஒப்புகின்றனர். எதிர்ப்பக்கத்தாரும் அப்பீடிகையைத் தமிழிற் பாடிய புலவர் ஒருவர் இருந்தாரென்பதை மறைத்தல் இயலாது. அப்பீடிகைக்காகப் பொருத நாக வேந்தர் இருவரும், எமது எமது என்றனரேயன்றி அதனை எடுக்க மாட்டாதவராயினர் என்று சாத்தனார் கூறுகின்றார்.

ஐயத்துக்கு இடமில்லாத எழுத்தும் தீவில் உண்டு. அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிற் பொறிப்பித்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளைக் காத்தல் வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறும், சரக்குக் கலம் உடைந்தாற் பாதியும் பண்டாரத்துக்குச் சேரும் என்பதும் அதன் ஆணை. மணிபல்லவத்தை அது பேசவில்லை. கம்பளச் செட்டியின் கலத்தை நினையாமல் அதனைப் படிப்பதும் எனக்கு இயலாதிருக்கின்றது.

என் வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர் புகாரின் படம் வரைகின்றனர். தெற்கே செல்லும் கோட்டின் நுனியில் மணிபல்லவத்தைப் புள்ளிக்கோட்டால் வட்டமிடச் சொல்வேன். நயினாதீவு மாணவி ஒருத்தி அதனை ஒப்பாது முழுக்கோடாகவே இட்டு, காரணம் கேட்டபோது, அம்மன் கோயிலில் அடியார்க்குச் சோறிடும் மண்டபத்தின் பெயரைச் சொன்னாள். அமுதசுரபி என்பது அதன் பெயர். நண்பகற் பூசை முடிந்ததும் அங்கே பந்தி தொடங்கும்.