முறியும் கணையும் வில் பிடித்த கையும்

நாண் உராயாமல் வில்லாளியின் கையைக் காக்கும் தோலுறைக்குக் 'கோதை' என்று பெயர். மாலையைக் குறிக்கும் கோதையோடு மாணவர் மயங்குவதுண்டு. நாணடிக்கு அது போதும். வில்லிலேயே முறியும் அம்புக்குப் போதாது.

நாணை விட்டதும் அம்பின் பின்முனையை விசை உந்துகிறது. முன்முனையின் கனம் அதை எதிர்க்கிறது. இடைப்பட்ட தண்டு வளைந்து நிமிர்கிறது. தண்டில் வெடிப்பு இருப்பின் அது நார்நாராகப் பிளந்து, வில் பிடித்த கையின் பெருவிரலடிச் சதையில் ஊசிகளாய்ப் பாயும். 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம்பெற்ற காலத்து அலுமினிய அம்பு, வளைந்தோ நசுங்கியோ தன் ஊனத்தைக் காட்டிவிடும். இன்றைய கார்பன் அம்போ வெடித்த பின்னும் நேராகவே நிற்கும். தொல்லை அங்கேதான்.

ஆதலின் கெலுகோர்ப் பள்ளித் திடலாயினும் பன்னாட்டு அரங்காயினும், மற்றோர் அம்பிலோ கட்டையிலோ கல்லிலோ மோதிய கணையைச் சோதியாமல் நாணேற்றலாகாது. இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் நீட்டி, சிறிதே வளைத்து, சற்று உருட்டி மீண்டும் வளைக்க வேண்டும். நெறுநெறுவென்ற ஒலியோ விரலில் தட்டும் கீறலோ போதும், அதனை விலக்க. நாண் கவ்வும் பின்முனையையும் பார்க்க வேண்டும். பசையிட்டு ஒட்டுவது சிக்கனமன்று. பழுதுற்றதைப் பிறர் எடுத்து எய்யாதபடி ஒடித்தே எறிய வேண்டும்.

சிலும்பு தைத்துவிட்டால் பிடுங்காமல் மருத்துவரிடம் செல்வதே முறை. கார்பன் இழை எக்ஸ்-கதிர்ப் படத்தில் எளிதில் புலப்படாது.

இன்னொன்று: வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் அம்பு குட்டையாகிவிடும். முழுதும் இழுக்கையில் அதன் முனை தாங்கியைவிட்டு நழுவிக் கைக்குப் பின்னே விழும். அந்நிலையில் நாணை விட்டால், பழுதற்ற அம்பும் கையைத் துளைக்கும்.