மலைச்சாலை வளைவில் வேகம் கூடினால்

ஜவ்வாது மலையில் நடைபெற்ற ஊராட்சிக் கூட்டமொன்றில் உறுப்பினர் ஒருவர் எம்மை வினவினார்: "இறக்கத்து வளைவில் வண்டி மெதுவாகத்தானே நுழைகிறது? பின்னர் ஏன் கவிழ்கிறது?" சாமை, புளி மூட்டைகளை ஏற்றி, அவற்றின் மேல் ஆட்களையும் அமர்த்திச் செல்லும் மலை இது. 2022 ஏப்ரலில், திருப்பத்தூர்ப் பக்கத்தில் கோயிலுக்குச் சென்ற வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் மாண்டதை எவரும் மறந்திரார். அது ஏற்றத்தில் நேர்ந்தது. உறுப்பினரின் வினா இறக்கத்தைப் பற்றியது.

ஒரு நொடியில் வேகம் மாறும் அளவே முடுக்கம். திசை மாறினாலும் முடுக்கம் உண்டு. ஆகவே வளைவில் வேகம் கூடும் வண்டிக்கு முடுக்கம் இரண்டு. ஒன்று சாலை வழியே முன்னோக்கியது. மற்றொன்று வளைவின் மையத்தை நோக்கியது. பின்னதை அறிய, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தல் வேண்டும்.

ஆரம் 20 மீட்டர் உள்ள அரைவட்ட வளைவைக் கொள்வோம். சாலை 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது. ஓட்டுநர் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு, நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறார். உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், இறக்கம் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தைக் கூட்டும். 5 நொடியில் வேகம் 10 ஆகிவிடும். அதற்குள் வண்டி சென்றது 37.5 மீட்டரே, வளைவின் நீளமோ 63 மீட்டர்.

நுழைகையில் மையநோக்கு முடுக்கம் 25 ÷ 20 = 1.25. இப்பொழுது 100 ÷ 20 = 5. வேகம் இரு மடங்காக, இது நான்கு மடங்காயிற்று! முன்னோக்கிய 1, மையநோக்கிய 5 ஆகிய இரண்டும் கொத்தனாரின் மூலைமட்டக் கைகள்போல் செங்குத்தாக இருப்பதால், 6 எனக் கூட்டலாகாது. வர்க்கங்கள் 1, 25. அவற்றின் கூட்டுத்தொகை 26. அதன் வர்க்கமூலம் சுமார் 5.1. இதுவே மொத்த முடுக்கம். முன்னோக்கிய 1 அற்பமாகத் தோன்றலாம், ஆயினும் 1.25ஐ 5ஆக வளர்த்தது அதுவே.

வண்டியைக் கவிழ்ப்பது மையநோக்கு முடுக்கம். சக்கரத் தடங்களின் இடைவெளியில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து, 9.8ஆல் பெருக்கினால், வண்டி தாங்கும் எல்லை கிடைக்கும். இடைவெளி 1.4 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் எனில் எல்லை 5.7, இந்த வேகத்தில் வண்டி தப்பும். மூட்டைமேல் ஆட்கள் ஏறி உயரம் 1.4 ஆனால் எல்லை 4.9, வண்டி கவிழும். மழைநாளில் அதற்கு முன்னரே டயர் வழுக்கவும் கூடும்.

எனவே வேக எச்சரிக்கைப் பலகையை வளைவின் நடுவிலன்றி, இறக்கம் தொடங்குமிடத்திலேயே நடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். அங்கேயே கீழ்க் கியருக்கு மாற்றி 18 கிலோமீட்டரைக் கூட்டாமல் இறங்கும் வண்டிக்கு, வளைவு முழுவதும் கணக்கு 1.25தான்.